பியூர் டேட்டா: அரேயில் வெட்டித் திருப்பிய ஒலி லூப்பில் 'டக்' அடிக்குது

ஒலிக்கட்டு:
பியூர் டேட்டா (பெட்டிகளை இணைச்சு ஒலி உருவாக்குற மென்பொருள்) வெனிலா, அதாவது அடிப்படைப் பதிப்பு, 44100 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 44100 சாம்பிள்). ஒன்றரை நிமிஷ மோனோ வேவ் ஃபைலை 'சவுண்ட்ஃபைலர்' (ஒலி ஃபைலைப் படிக்கிற பெட்டி) வழியா முழுசா ஒரு அரேயில, அதாவது சாம்பிள்களோட எண் வரிசையில, ஏத்தியிருக்கேன். 60ஆவது செகண்டுல தொடங்கி 4 செகண்டை மட்டும் ரிவர்ஸ்ல லூப் பண்ணணும். மூணு சிக்கல். அதே அரேக்குள்ளேயே திருப்பினா பாதி தூரம் ரிவர்ஸ்ல போய், மீதி நேராவே ஓடுது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் 'டக்'னு ஒரு சத்தம். வேகத்தை 0.37 ஆக்கினா கரகரப்பு, ஆனா 0.5ல சுத்தமா இருக்கு. 'ஃபேஸர்~' (0லிருந்து 1 வரை திரும்பத் திரும்ப ஏறும் சிக்னல்) வெளியீட்டை 176400ஆல் பெருக்கி 2646000 கூட்டி 'டேப்ரீட்4~'க்கு (அரேயிலிருந்து ஒலியைப் படிக்கிற பெட்டி) கொடுக்கிறேன்.

தந்தி_நாலு:
முதல் சிக்கல்: மொத்தம் N சாம்பிள்னா, i-ஆவது இடத்துல எழுதுற மதிப்பை N-1-i-லிருந்து எடுக்கிறீங்க. பாதியைத் தாண்டினதும் நீங்க படிக்கிற இடம் ஏற்கெனவே மாத்தி எழுதின இடம். அதனால பின்பாதியில பழைய மதிப்பே திரும்ப வந்து உட்காருது. N/2 தடவை மட்டும் இடம் மாத்திக்கலாம். இன்னொரு அரேக்கு நகல் எடுக்கிறது அதைவிட நல்லது, மூலம் கெடாம இருக்கும்.

கரகரப்புக்குக் காரணம் 32 பிட் ஃப்ளோட், அதாவது தசம எண்ணைக் குறிப்பிட்ட துல்லியத்துல மட்டும் வைக்கிற முறை. 2097152க்கு மேல போன இன்டெக்ஸ் (அரேயில படிக்கிற இடத்தோட எண்) கால் சாம்பிள் படிகளாத்தான் நகரும். நீங்க நிக்கிறது 2646000ல. 0.5 வேகம் அந்தப் படிகள்ல சரியா பொருந்துறதால குறை காதுக்குத் தெரியல. 0.37ல ஒவ்வொரு இன்டெக்ஸும் வேற வேற அளவுக்கு ரவுண்ட் ஆகுது, அதுதான் கரகரப்பு. அந்த 2646000ஐ சிக்னல்ல கூட்டாம 'டேப்ரீட்4~'ஓட வலது இன்லெட்ல (உள்ளீட்டு முனை) நம்பரா கொடுத்தாலே சரியாகிடும். ஆனா வேண்டிய துண்டை மட்டும் தனி அரேயில ஏத்துறதுதான் என் சிபாரிசு. 'சவுண்ட்ஃபைலர்'ல '-ரீசைஸ்' (அரே அளவை ஃபைலுக்கு ஏத்தபடி மாத்துறது) போடாம '-ஸ்கிப்' (ஃபைலோட தொடக்க சாம்பிள்களைத் தாண்டுறது) மட்டும் போட்டா, அரேயோட அளவுக்கு மட்டும் படிச்சிட்டு நின்னுடும்.

வெள்ளி_ஸ்பீக்கர்:
'டக்' சத்தத்துக்கு ஃபேட் (முனையில ஒலியைக் குறைச்சு ஏத்துறது) போட்டா அது மறையும், ஆனா ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பள்ளம் விழும். கிராஸ்ஃபேட் பண்ணுங்க, அதாவது ஒரு ஒலி குறையக் குறைய இன்னொண்ணை ஏத்திக் கலக்குங்க. 20 மில்லிசெகண்ட், அதாவது 882 சாம்பிள் போதும்.

'அ' அரே 177282 அளவு. ஸ்கிப் 2645118, அதாவது லூப் தொடக்கத்துக்கு 882 சாம்பிள் முன்னாடியிருந்து ஏத்துங்க. இப்போ 'அ'வுல முதல் 882 சாம்பிள் லூப்புக்கு முந்தின ஒலி. i = 0 முதல் 881 வரை, 176400+i இடத்து மதிப்பை (1 - i/882)ஆலும், i இடத்து மதிப்பை i/882ஆலும் பெருக்கிக் கூட்டி, 176400+i-லேயே எழுதுங்க. லூப்போட கடைசி சாம்பிள், தொடக்கத்துக்கு நேர் முந்தின சாம்பிளா ஆகிடும், ஒட்டு தெரியாது. ரெண்டு ஒலியும் ஒத்துப்போகாத சத்தங்களா இருந்தா நடுவுல 3 டெசிபல் குறையும். அப்போ பெருக்குற ரெண்டு எண்ணுக்கும் ஸ்கொயர் ரூட் எடுங்க.

அப்புறம் திருப்பின ஒலிக்கு 'ஆ' அரே, அளவு 176403. 'டேப்ரீட்4~' ஒவ்வொரு இடத்துலயும் சுத்தி நாலு புள்ளி பார்க்கும், அதனால அதுக்குச் செல்லுபடியாகிற வரம்பு 1 முதல் அளவு-2 வரைதான். j = 0 முதல் 176399 வரை 'அ'வோட 882+j-ஐ 'ஆ'வோட 176400-j-க்கு எழுதுங்க. கூடுதலா மூணு: 176400இல் இருக்கிறதை 0க்கும், 1ஐ 176401க்கும், 2ஐ 176402க்கும் நகல் எடுங்க. இந்த மூணை விட்டா லூப் முனையில சின்னதா ஒரு 'டிக்' மிஞ்சும். 'ஃபேஸர்~' 0.25 ஹெர்ட்ஸ், பெருக்கல் 176400, கூட்டல் 1. 0.37 வேகத்துக்கு 0.0925.

தந்தி_நாலு:
அந்த 2645118ஐ மெசேஜ் பாக்ஸ்ல நேரா டைப் பண்ணாதீங்க. பழைய பதிப்புகள் சேவ் பண்ணும்போது ஆறு இலக்கம்தான் வைக்கும்; திரும்பத் திறந்தா 2645120 ஆகியிருக்கும். 60ஐ 44100ஆல் பெருக்கி 882 கழிச்சு, மெசேஜ் பாக்ஸ்ல டாலர் 1 (வர்ற மதிப்பு உட்கார்ற இடம்) வழியா அனுப்புங்க.

நகலெடுக்க 'அன்டில்' (திரும்பத் திரும்பச் சுத்த வைக்கிற பெட்டி) போதும். பேங்குக்கு (வெறும் 'தொடங்கு' சமிக்ஞை) பதிலா இடது இன்லெட்ல 176400னு நம்பர் கொடுத்தா அத்தனை தடவை சுத்தி தானா நிக்கும். பேங் கொடுத்து நிறுத்த மறந்தா பேட்ச் (நீங்க இணைச்ச பெட்டிகளோட தொகுப்பு) அப்படியே உறைஞ்சுடும். கவுண்டரை முதல்ல 0 ஆக்க 'ட்ரிக்கர்' வையுங்க, அது வலதிலிருந்து இடமா வரிசையா அனுப்பும். அரேயில எழுதுற 'டேப்ரைட்'டுக்கு இன்டெக்ஸ் வலது இன்லெட், அது முதல்ல போகணும். மதிப்பு இடது இன்லெட், அது வந்ததும்தான் எழுதும்.

வெள்ளி_ஸ்பீக்கர்:
ரெண்டு அரேயையும் கேன்வாஸ்ல (பேட்ச் வரையுற ஜன்னல்) கிராஃபா வைக்காம, வரைபடம் காட்டாத 'அரே டிஃபைன்'ல வையுங்க. திரையில வரைஞ்சு காட்டுற வேலையே ஒலியைத் தடுக்கும். மவுஸ் தெரியாம பட்டாலும் சாம்பிள் மாறிடும்: 200 பிக்ஸல் அகலத்துல 176400 சாம்பிள்னா ஒரு பிக்ஸலுக்கு 882.

ஃபைல் 48000 ஹெர்ட்ஸா இருந்தா 'சவுண்ட்ஃபைலர்' மாத்தித் தராது, ஸ்ருதி சுமார் ஒன்றரை செமிடோன் இறங்கும். புதிய பதிப்புகள்ல 'சவுண்ட்ஃபைலர்'ஓட வலது அவுட்லெட்ல (வெளியீட்டு முனை) வர்ற லிஸ்ட்டோட முதல் நம்பர்தான் சாம்பிள் ரேட். முதல்ல அதைப் பாருங்க, மேல சொன்ன எண்கள் எல்லாம் 44100க்கு மட்டும்தான்.