பாரிசவாதம் வந்த அப்பா, ராவில நிண்டு நிண்டு வாற மூச்சு

உவர்மலை மகள்:
அப்பாவுக்கு 67 வயசு. மாசியில பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. இப்ப தடி ஊண்டி முற்றம் மட்டும் நடக்கிறார். மறதிதான் கூடிக்கொண்டு போகுது. காலமை குளிசை குடிச்சிட்டு, மத்தியானம் "நீ தரேல்லையே" எண்டுறார். பேப்பர் மடியில கிடக்க நித்திரையாகிடுவார். குறட்டை எப்பவும் இருந்ததுதான். ஆனா இப்ப சத்தம் பட்டெண்டு நிண்டுபோகுது. அம்மா இருட்டுக்க எழும்பி இருந்து எண்ணுவா. பிறகு ஒரு இழுவை இழுத்துத் திரும்பத் தொடங்குவார். மாமா "களைச்ச மனுசன், படுக்கட்டும் விடு" எண்டுறார். இதுக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கோ?

பழைய வாட்டு நேர்ஸ்:
இருக்குது பிள்ளை. சிலீப் அப்னியா மாதிரித்தான் தெரியுது. நித்திரையில தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைபடும். 10 செக்கனுக்கு மேல மூச்சு நிண்டா அது ஒரு தடவை. மூச்சு அரைகுறையாகக் குறையிறதையும் சேர்த்து, மணித்தியாலத்துக்கு 5 வந்தாலே கணக்கில எடுப்பினம். 30க்கு மேல போனா கடுமை. ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் இறங்கும், பிரசர் ஏறும், மூளை அவரை அரைகுறையா எழுப்பும். அவருக்கே தெரியாது. ஏற்கெனவே அடிபட்ட மூளை விடிய விடிய ஆறாமல் கிடக்கும்.

பாரிசவாதம் வந்தவையில பாதிக்கு மேல இது இருக்குது. கன பேருக்கு முதலே இருந்திருக்கும், அதுவே ஒரு காரணமாயும் இருக்கும். உங்கட அப்பா பகலில தூங்கி விழுறதால சந்தேகம் வந்துது. சிலருக்கு அதுவும் இராது, உடம்பும் மெலிவாத்தான் இருக்கும். அதால பக்கத்தில படுக்கிற ஆள் சொல்லுறதுதான் பெரிய சாட்சி. போனில வீடியோ எடுங்கோ, சத்தத்தோட.

நித்திரையில மூச்சையும் ஒட்சிசனையும் அளக்கிற பரிசோதனை ஒண்டு இருக்குது. அது முடியுமட்டும் மல்லாக்கப் படுக்க விடாதேங்கோ. முதுகுக்குத் தலகணி குடுத்துச் சரிச்சுப் படுத்துங்கோ, வலது தோள் நசியாமப் பார்த்துக்கொள்ளுங்கோ. டொக்டர் சொல்லாமல் நித்திரைக் குளிசை குடுக்கவே வேண்டாம்.

கிண்ணியா நானா:
தங்கச்சி, எங்கட வாப்பாவுக்கும் இதுக்குத்தான் சீபாப் மிசின் தந்தாங்க. நித்திரையில முகமூடியால காத்தைத் தள்ளி, தொண்டை வழி அடைபடாம வச்சிருக்கிற மிசின் அது. தொடக்கத்தில முகமூடியைக் கழட்டி எறிஞ்சார். வாய் ஒரு பக்கம் கோணினதால அந்த மூலையால காத்து உஸ்ஸெண்டு போகும். வேற அளவு மாத்தினோம். பகலில டீவி பாக்கக்குள்ள போட்டுப் பழக்கினோம். கரண்ட் போனா மிசினும் நிண்டுடும், அதையும் யோசிச்சு வைங்க.

நிலாவெளித் தம்பி:
2016இல வந்த SAVE எண்ட பெரிய ஆய்வில, இந்த மிசினால அடுத்த பாரிசவாதமோ மாரடைப்போ குறையேல்லை எண்டுதானே வந்தது? பிறகு ஏன் காசைக் கொட்டுவான்?

பழைய வாட்டு நேர்ஸ்:
அந்த ஆய்வில சராசரியா ராவுக்கு 3.3 மணித்தியாலம்தான் போட்டிருக்கினம் தம்பி. பகலில கடுமையாத் தூங்கி விழுறவையை அதில சேர்க்கவும் இல்லை. அப்பிடியும் பகல் நித்திரையும் மனச்சோர்வும் குறைஞ்சது. மிசின் போட்டா ஞாபகம் திரும்பும் எண்டு நான் வாக்குக் குடுக்கமாட்டன். பாரிசவாதமே மறதியைக் கொண்டுவரும், மனச்சோர்வும் கொண்டுவரும். ஆனா தெளிவா முழிச்சிருக்கிற மனுசன்தான் பிசியோவில சொல்லிக் குடுக்கிறதைப் பிடிப்பார்.

உவர்மலை மகள்:
நன்றி அக்கா. வாற கிளினிக்கில என்ன கேக்கிறது?

பழைய வாட்டு நேர்ஸ்:
"நித்திரைப் பரிசோதனை செய்யலாமோ" எண்டு நேரா கேளுங்கோ. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எண்ணினது அவாதானே.