புதுப்பிப்பு: லேன்ஸ்போரோ போய் வந்தாயிற்று

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள லேன்ஸ்போரோ என்ற சிற்றூரில் சைக்கிளும் சாப்பாடும் தவிர வேறென்ன இருக்கிறது என்று முன்பு கேட்டிருந்தேனே, அந்த இரண்டுமே போதும் என்றவர்கள் சொன்னது சரிதான். ரூட் ஆற்றுச் சைக்கிள் பாதை பழைய ரயில் தடத்தின் மேல் தார் போட்டது, ஃபவுண்டன் என்ற ஊரிலிருந்து ஹூஸ்டன் (டெக்சாஸில் இருப்பது இல்லை, மினசோட்டாவிலேயே உள்ள சின்ன ஊர்) வரை 42 மைல், லேன்ஸ்போரோ பக்கம் ஏற்றமே தெரியாது (ஃபவுண்டனை நோக்கி மிதித்தால் மூச்சு வாங்கும்). கிழக்கே அடுத்து வரும் வேலன் என்ற குட்டி ஊரில் இறங்கி ருபார்ப் பை (pie, மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட இனிப்பு) சாப்பிடாமல் வராதீர்கள். ருபார்ப் என்பது ஒரு செடியின் தண்டுதான், புளிச்சக்கீரை மாதிரி புளிப்பு, சர்க்கரையில் வெந்து குழைந்திருக்கும், மேல் ஓடு கரண்டி பட்டாலே உதிரும். அப்புறம் கயாக் (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சின்னப் படகு) பற்றிக் கேட்டவருக்கு: வாடகைக்குக் கிடைக்கிறது, ஆனால் நல்ல மழை பெய்திருந்தால் ஆறு கலங்கி வேகமெடுத்துவிடும், ஊரில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். வார நாளில் போகிறவர்கள் கடை திறந்திருக்குமா என்று முதலில் போன் பண்ணிவிடுங்கள்.