விலை குறைந்த விஸ்கி: வயதைப் பார்ப்பதா, சதவீதத்தைப் பார்ப்பதா?

கரிப்பீப்பாய்:
பட்ஜெட்டுக்குள் விஸ்கி வாங்குபவர்களில் பலர் லேபிளில் "12 வருடம்" இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறார்கள். என் கட்சி வேறு. காசு குறைவு என்றால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். ஸ்காட்சுக்கும் (ஸ்காட்லாந்து விஸ்கி) போர்பனுக்கும் (பெரும்பாலும் சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி) 40% என்பது சட்டம் வைத்திருக்கும் அடிமட்டம். மலிவான பாட்டில்கள் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அதே விலைக்கு 50%ல் ஒரு போர்பன் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். தண்ணீரை நாமே ஊற்றிக்கொள்ளலாம், ஏற்கெனவே ஊற்றிவிட்டதை எடுக்க முடியாது.

பழையசரக்கு:
ஒத்துக்கொள்ள மாட்டேன். ஸ்காட்ச் பாட்டிலில் 12 என்று போட்டால், கலந்திருப்பதிலேயே இளைய சரக்கும் 12 வருடம் ஓக் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். எண் இல்லாத பாட்டிலில் 3 வருடம் முடிந்த எதுவும் இருக்கலாம். நிறத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. வாங்குபவன் வேறு எதை நம்புவான்?

கரிப்பீப்பாய்:
ஸ்காட்சுக்குச் சரி, போர்பனுக்கு அந்தக் கணக்கு செல்லாது நண்பரே. போர்பன் போவது உள்பக்கம் கரித்த புது ஓக் பீப்பாயில். ஸ்காட்ச் பெரும்பாலும் போர்பனோ ஷெரி என்ற ஸ்பானிய ஒயினோ ஏற்கெனவே இருந்த பழைய பீப்பாயில் கிடக்கிறது, மரத்தின் சுவை மெதுவாகத்தான் இறங்கும். நாலு வருடப் போர்பனில் வனிலாவும் மரக்காரமும் தூக்கலாக இருப்பது அதனால்தான். நம்புவதற்கு எண்தான் வேண்டுமென்றால் "பாட்டில்ட் இன் பாண்ட்" என்ற வரியைத் தேடுங்கள். 1897ல் அமெரிக்காவில் வந்த சட்டம். ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, குறைந்தது 4 வருடம், சரியாக 50%. ஈவன் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள் அந்த வகைதான், விலையும் கடிக்காது.

எலுமிச்சைத்தோல்:
சோடா ஊற்றிக் குடிப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் பேசுங்களேன். எனக்கு பிளெண்டட் ஸ்காட்சே போதும், அதாவது மால்ட் விஸ்கியும் கிரெய்ன் விஸ்கியும் கலந்தது. அதில் கலக்கும் கிரெய்ன் விஸ்கியை (கோதுமை, சோளம் போன்ற தானியங்களில் வடிப்பது) ஏதோ கலப்படம் மாதிரி பேசுகிறார்கள். அதுவும் ஓக்கில் 3 வருடம் இருந்தே ஆக வேண்டும். இன்னும் சிக்கனம் வேண்டுமா, ஜின் பக்கம் வாருங்கள். பீப்பாயில் வருடக்கணக்கில் காத்திருக்கும் செலவே அதற்கு இல்லை, அதனால் மலிவான லண்டன் ஜின்னுக்கும் விலை உயர்ந்ததற்கும் நடுவே இடைவெளி குறைவு. ரம்மில் மட்டும் கவனம். சர்க்கரை சேர்த்து மிருதுவாக்கியதை வயது முதிர்ந்தது என்று நாக்கு நம்பிவிடும்.

பழையசரக்கு:
ஜின்னைப் பற்றிச் சொன்னது நியாயம். கரிப்பீப்பாய்க்கு ஒரு கேள்வி. 2017ல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. புகை வாசனை தரும் குவாயகால், தண்ணீர் சேரும்போது மேற்பரப்புக்கு வருகிறது என்று கணினி மாதிரியில் காட்டினார்கள். அப்படியானால் 40% பாட்டிலில் வாசனை ஏற்கெனவே மேலேதானே இருக்கும்? 50%ஐ அப்படியே முகர்ந்தால் மூக்கு எரிவதுதான் மிச்சம்.

கரிப்பீப்பாய்:
அப்படியே முகரச் சொல்லவில்லையே. அரை ஸ்பூன் தண்ணீர் விட்டு, இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள். வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்ந்தால் எரிச்சல் அடங்கும். மறுபடி அரை ஸ்பூன். எந்த இடத்தில் நிறுத்துவது என்பது உங்கள் நாக்கின் முடிவு, ஆலையின் முடிவு அல்ல. இன்னொன்று, சதவீதம் குறைந்தால் விஸ்கி குளிரில் கலங்கும். அதைத் தவிர்க்கக் குளிர வைத்து வடிகட்டுகிறார்கள், சுவைக்கு உதவும் கொழுப்பமில எஸ்டர் என்ற சேர்மங்களில் கொஞ்சம் அதோடு போய்விடுகிறது. 46%க்கு மேல் பொதுவாக அந்த வேலைக்கே அவசியம் இல்லை.

பழையசரக்கு:
சரி, பாண்ட் பாட்டில் ஒன்று வாங்குகிறேன். ஆனால் என் 12 வருட ஸ்காட்ச் பக்கத்தில் இருக்கும். இரண்டும் 40%ல் இருக்க வேண்டும், எது எதென்று எனக்குத் தெரியக்கூடாது. ஊற்றித் தருவது வேறொருவர்.

கரிப்பீப்பாய்:
நல்ல பந்தயம். 40 மில்லி போர்பனுக்கு 10 மில்லி தண்ணீர், சரியாக 40%க்கு இறங்கும். ஊற்றுபவரிடம் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.