பல துறைகளின் கூட்டு எப்படி நிலைக்கிறது?

கேள்வி: பொது நிர்வாகம் படிக்கிறேன். பல அரசு நிறுவனங்கள் சேரும் கூட்டமைப்பு காலப்போக்கில் எப்படி உறுதிப்படுகிறது? நம் ஊர் உதாரணம் இருக்கிறதா?

பதில் (உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர்): தமிழ்நாட்டின் உறுப்பு தானத் திட்டத்தைப் பாருங்கள். 2008-இல் அரசாணைகள் வந்தன. மூளைச்சாவு அறிவிப்பு, பிரேதப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நடைமுறை கிடைத்தது. ஆனால் வேலையை நகர்த்துவது ஆட்களோடு உள்ள பழக்கம்தான். விபத்து வழக்கென்றால் காவல்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். நள்ளிரவில், துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைக் காக்க வைக்க எனக்கு மனசு வராது. ஸ்டேஷனில் தெரிந்த குரல் இருந்தால் தாள் சீக்கிரம் கைக்கு வரும்.

மறுகேள்வி: அப்புறம் உறுப்பு தானத்துக்கென்று தனி ஆணையம் எதற்கு?

பதில்: ஆட்கள் மாற்றலாகிப் போவார்கள், பழக்கமும் கூடவே போய்விடும். 2014-இல் ஆணையம் அமைந்ததால் அந்த நடைமுறைகளுக்கு நிரந்தரமாக ஓர் அலுவலகம் பொறுப்பேற்றது.

இன்னொருவர்: போக்குவரத்துப் போலீசையும் சேருங்கள். பசுமை வழித்தடம் (ஆம்புலன்ஸ் நிற்காமல் போகச் சாலையில் வழிவிடும் ஏற்பாடு) இல்லாமல் இதயம் நேரத்துக்குப் போய்ச் சேராது.