இப்போதைய சம்பளத்தை ஹெச்ஆரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

கேள்வி (வேலைமாற்றம்):
முதல் போன் பேச்சிலேயே "இப்ப எவ்வளவு வாங்குறீங்க?" என்று கேட்டுவிடுகிறார்கள். ஆன்லைன் படிவத்திலும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. சம்பளம் சந்தை நிலவரத்தைவிடக் குறைவு. கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தெரியவா போகிறது?

ஆள்சேர்ப்பு_மேசை:
தெரியும். பல நிறுவனங்கள் ஆஃபர் தருமுன் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கேட்கும். "மேற்கண்டவை உண்மை" என்று படிவத்தின் அடியில் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். சேர்ந்த பிறகும் வெளியே அனுப்ப அது போதும். சொல்ல மறுப்பதில் அந்த ஆபத்து இல்லை.

பட்ஜெட்டுக்குள் வருவீர்களா என்று பார்க்கக் கேட்பது நியாயம்தான். அதற்கு உங்கள் எதிர்பார்ப்பைச் சொன்னாலே போதும். இப்போதைய சம்பளத்தின் மேல் சதவீதம் போடுவதில்தான் சிக்கல். வாங்குவது 100, சந்தையில் 150 என்று வையுங்கள். 20% ஏற்றினால் 120. கேட்க இனிக்கும், ஆனாலும் சந்தைக்கு 20% கீழே. அடுத்த மாற்றத்திலும் கணக்கு 120-லிருந்துதான் தொடங்கும்.

"இந்தப் பொறுப்புக்கு நீங்கள் ஒதுக்கிய வரம்பு என்ன?" என்று முதலில் கேளுங்கள். சொல்லாவிட்டால் உங்கள் எதிர்பார்ப்பை வைக்கலாம். இரண்டு எண் சொன்னால் கீழ் எண்தான் அவர்கள் காதில் விழும். அதனால் அதுவே உங்களுக்குக் கட்டுப்படியாக இருக்கட்டும்.

படிவப்பூச்சி:
கட்டத்தில் எழுத்து ஏற்றால் "நேரில் பேசலாம்" என்று போடுங்கள். எண் மட்டும் ஏற்றால் 0 போட்டு, குறிப்புப் பகுதியில் "இப்போதைய சம்பளம் குறிப்பிடவில்லை" என்று எழுதுங்கள். எதிர்பார்க்கும் தொகையை அங்கே போடவே கூடாது, அது பொய்த் தகவலாகிவிடும். எண்ணை வைத்துத் தானாகக் கழிக்கும் மென்பொருளில் 0 மாட்டலாம் என்பது உண்மை. அதனால் விண்ணப்பித்த கையோடு ஹெச்ஆருக்கு ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள்.

சட்டம்_பார்:
எந்த ஊர் வேலை என்பதையும் பாருங்கள். நியூயார்க் நகரில் 2017 அக்டோபர் முதல், கலிஃபோர்னியாவில் 2018 ஜனவரி முதல் இந்தக் கேள்வியே கேட்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறையும் தடுக்கிறது. உறுப்பு நாடுகள் சட்டமாக்கக் கெடு 2026 ஜூன் 7. கலிஃபோர்னியாவில் ஒரு கண்ணி: யாரும் கேட்காமல் நீங்களாகச் சொன்னால், அதை வைத்துச் சம்பளம் முடிவுசெய்யலாம். வாயை விடாதீர்கள்.

வேலைமாற்றம்:
"சொல்லாவிட்டால் அடுத்த சுற்று இல்லை" என்றால்?

ஆள்சேர்ப்பு_மேசை:
தடைச் சட்டம் இல்லாத இடத்தில் அப்படியும் சொல்வார்கள். வேலை வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லுங்கள், ஆனால் பிரித்துச் சொல்லுங்கள்: நிலையான சம்பளம், போன ஆண்டு உண்மையில் கைக்கு வந்த ஊக்கத்தொகை (ஆஃபர் கடிதத்தில் இருந்த உச்சவரம்பு அல்ல), ஓய்வூதியத்துக்கு நிறுவனம் கட்டும் பங்கு, விலகினால் கைவிட்டுப்போகும் நிறுவனப் பங்குகள் (ஷேர்). எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால், புது ஆஃபரிலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் காட்டுவார்கள். மாதச் சம்பளம் ஏறியே இருக்காது. கையோடு, "என் எதிர்பார்ப்பு இதன் மேல் சதவீதம் அல்ல, இந்த வேலையின் சந்தை நிலவரம்" என்று அதே மூச்சில் எண்ணைச் சொல்லிவிடுங்கள். பேசியதை அன்றே மின்னஞ்சலிலும் எழுதி அனுப்புங்கள். அடுத்த சுற்றில் வேறு ஆள் பேசுவார்.