கை கால் அசைவதில் கிளியா செல்களுக்கு என்ன வேலை?

மதிவதனி:
பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன். நரம்பு மண்டலப் பாடத்தில் கிளியா செல்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு பத்தி. நரம்பு செல்களான நியூரான்களைத் தாங்கும், ஊட்டம் தரும், நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை போடும், அவ்வளவுதான். "அப்படின்னா கையைத் தூக்குறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையா மிஸ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, ஒற்றை வரியில் பதில் சொல்லி முடிக்க மனமில்லை. மயலினை விட்டுவிட்டு, சோதனையில் பார்த்த உதாரணம் ஏதாவது சொல்ல முடியுமா?

இளம்பரிதி:
தாராளமாக. நான் ஜீப்ரா மீன் குஞ்சுகளோடு வேலை செய்கிறவன், அதனால் மீனிலிருந்தே தொடங்குகிறேன். இந்தக் குஞ்சுகளின் உடலில் ஒளி ஊடுருவும். உயிரோடு இருக்கும்போதே மூளையில் எந்த செல் எப்போது வேலை செய்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம்.

2019-இல் அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் மிஷா ஆரென்ஸ் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. மீனை நகரவிடாமல் பிடித்துவைத்து, அது நீந்த முயலும்போதெல்லாம் கண்முன் உள்ள காட்சி அதற்கேற்ப நகரும்படி செய்தார்கள். அப்புறம் அந்தத் தொடர்பைத் துண்டித்தார்கள். இப்போது என்ன நீந்தினாலும் காட்சியில் மாற்றமில்லை. மீன் முதலில் இன்னும் வேகமாகப் போராடும். கொஞ்ச நேரத்தில் நீந்துவதையே விட்டுவிடும்.

விட்டுவிடச் சொன்னது யார்? முயற்சி வீணாகும்போதெல்லாம் நோர்அட்ரினலின் என்ற சைகை வேதிப்பொருளைச் சுரக்கும் நியூரான்கள் கிளர்கின்றன. அந்தச் சைகை ஆஸ்ட்ரோசைட் வகை கிளியாவுக்குப் போய், உள்ளே கால்சியம் ஏறிக்கொண்டே வருகிறது. ஓர் அளவைத் தாண்டியதும் நீச்சல் அடக்கப்படுகிறது. அந்தக் கிளியாவைச் செயலிழக்கச் செய்தால் மீன் ஓயாமல் போராடுகிறது. செயற்கையாகத் தூண்டினால் நின்றுவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இதை உறுதியான சான்று என்கிறேன்.

நியூரானின் சைகை மில்லிநொடிகளில் முடிந்துபோகும். கிளியாவின் கால்சியமோ நொடிக்கணக்கில் நிற்கும். தோல்விகளைக் கூட்டிக் கணக்கு வைக்க இப்படி ஒரு மெதுவான செல்தான் பொருத்தம். நியூரான்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டே இருக்காது.

கவின்மலர்:
நான் இயன்முறை மருத்துவர். மதிவதனி, மயலினை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிடாதீர்கள்! மயலின் உறையுள்ள நரம்பில் சைகை நொடிக்கு 100 மீட்டருக்கு மேல்கூடப் போகும், உறை இல்லாத மெல்லிய இழையில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கியான்-பாரே நோயில் இதை நேரிலேயே பார்க்கிறோம். அதில் பெரும்பாலும் நோயெதிர்ப்பு மண்டலம் தாக்குவது வெளிநரம்புகளின் மயலினை. நன்றாக நடந்தவர் சில நாட்களில் எழுந்து நிற்க முடியாமல் போவார். வெளிநரம்புகளில் மயலின் போடும் கிளியாவான ஷ்வான் செல்கள் மறுபடி உறை போடப் போட, பலர் மெல்ல எழுந்து நடக்கிறார்கள்.

புதிதாக ஓர் அசைவைப் பழகவும் கிளியா வேண்டும். 2014-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் ரிச்சர்ட்சன் குழு, வளர்ந்த சுண்டெலிகளின் மூளையில் புது மயலின் உருவாகாமல் மரபணு வழியில் தடுத்தது. கம்பிகள் சீரற்ற இடைவெளியில் உள்ள சக்கரத்தில் ஓட அவற்றால் சரியாகப் பழக முடியவில்லை.

மதிவதனி:
இருவருக்கும் நன்றிங்க. என் மாணவி அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்கே தெரியும்: அந்த எலிகளுக்குக் காலே பலவீனமாகியிருந்தால்?

கவின்மலர்:
அதையும் சோதித்துவிட்டார்கள். முதலில் சக்கரத்தில் பழகவிட்டு, பிறகு புது மயலினைத் தடுத்த எலிகள் பழையபடி நன்றாகவே ஓடின. ஆக, குறை காலில் இல்லை, கற்பதில்தான்.