நான் கேட்ட பாட்டு அவனுக்கு எப்பிடித் தெரியும்?

விசுவமடுவிலிருந்து:
போன மாரிக்குள்ள ஒருநாள் ரீலோட் போடக் கொமினிகேஷனுக்குப் போனன். கடையில நிக்கிற பொடியன், "என்னக்கா, இரவு ரெண்டு மணிக்கும் அந்த ஒரு பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்?" எண்டான். நல்ல பிள்ளை, அக்கறையிலதான் கேட்டவன். எனக்குக் கைகால் விறைச்சுப்போச்சு.

அது 2009இல காணாமற்போன என்ர தம்பிக்குப் பிடிச்ச பாட்டு. அண்டைக்கு அவன்ர பிறந்தநாள். பக்கத்தில படுத்திருந்த அம்மாவுக்கும் கேக்கக் கூடாதெண்டு இயர்போன் போட்டுத்தான் கேட்டனான்.

பிறகுதான் விளங்கினது. நான் பாட்டுக் கேக்கிற செயலிக்குள்ள முகநூல் கணக்காலதான் போயிருந்தனான். நான் என்ன கேக்கிறன் எண்டு முகநூல் நண்பர்மாருக்கு அது தன்ர பாட்டில காட்டிக்கொண்டிருந்திருக்கு.

மாங்குளத்திலிருந்து:
அக்கா, வாசிக்கவே நெஞ்சு கனக்குது. ஸ்பொட்டிபை எண்ட பாட்டுச் செயலி 2021இல இலங்கைக்கு வந்ததிலயிருந்து நான் அதைத்தான் பாவிக்கிறன். அதில 'தனிப்பட்ட அமர்வு' எண்டொண்டு இருக்கு. போட்டால், பின்தொடர்ற ஆக்களுக்கு நாங்கள் கேக்கிறது தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானா நிண்டுபோகும், திரும்பப் போடவேணும். ஆனால் அது ஆக்களிட்டயிருந்துதான் மறைக்கும், நிறுவனத்திட்டயிருந்து இல்லை. பாட்டுக்காரருக்குக் காசு பிரிக்கவெண்டாலும் எது எத்தினை தரம் ஓடினது எண்ட கணக்கு அவைக்கு வேணும். தங்கட தரவைக் கேட்ட பாவனையாளருக்கு, அதை என்னத்துக்குப் பயன்படுத்தினம் எண்டு தெளிவாச் சொல்லேல்லையெண்டு 2023இல அவையின்ர சொந்த நாடான சுவீடனே 58 மில்லியன் குரோனர் தண்டம் போட்டது.

மல்லாவியிலிருந்து:
நான் முதல்ல பாக்கிறது, செயலி என்னென்னத்துக்கு அனுமதி கேக்குது எண்டதை. பாட்டுப் போட என்ர போனில இருக்கிற இலக்கமெல்லாம் என்னத்துக்கு? அப்பிடிக் கேட்ட ஒண்டை அண்டைக்கே அழிச்சன். மனசுக்குக் கிட்டவான பாட்டுகள் மெமரி காட்டில இருக்கு, விஎல்சி எண்ட செயலியில போட்டுக் கேக்கிறன். கணக்குத் திறக்கத் தேவையில்லை, டேட்டாவும் போகாது. பேண்ட்காம்ப் எண்ட பாட்டு விக்கிற தளத்தில காசு குடுத்து வாங்கினாலும் கோப்பாவே இறக்கி வச்சிருக்கலாம். நான் தேடின பழைய பாட்டுகள்தான் அதில கிடைக்கேல்லை.

விசுவமடுவிலிருந்து:
தம்பியவை, நன்றி. முகநூல் இணைப்பை வெட்டிப்போட்டன். அந்தப் பாட்டும் இப்ப மெமரி காட்டில இருக்கு. ஆனால் இவ்வளவு நாளும் நான் கேட்ட பட்டியல் அவையிட்ட இன்னும் இருக்குமே? அம்மாவின்ர போனிலயும் அந்தச் செயலியைத்தான் போட்டுக் குடுத்தனான். கணக்கை அழிக்கச் சொல்லி எழுதினால் அதுவும் சேர்ந்து அழியுமோ? செய்துபாத்த ஆக்கள் சொல்லுங்கோ.